அண்ணன் கேட்ட மீன்

மீனைப் பிடித்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அந்தப் புத்தி ஆற்றங்கரைக்கும் என்னோடு வந்துவிட்டது.

குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் தொடங்கும்போது மலையாறுகளில் டிரவுட் மீனுக்கு ஃப்ளை என்கிற பொய்ப்பூச்சித் தூண்டில் போடுவார்கள். எங்களுக்கு டிரவுட்டும் இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. பேராக் மலைப்பக்கம் தெங்காஸ் இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே தெளிந்த ஓட்டத்தில் நிற்கிற மீன். செப்டம்பரில், பெருமழை இறங்கி ஆறு கலங்குவதற்கு முன்னால், இரண்டு மூன்று வாரம் நன்றாகக் கடிக்கும். அதற்காகவே விடுப்பைச் சேர்த்து வைப்பேன். ஆயர் ஈத்தாம் சந்தையில் கோழிக்கடைக்காரரிடம் சேவல் இறகு கேட்டு வாங்கி, முள்ளில் நூலால் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவேன். விடும்போது மீனின் வாய் கிழியக் கூடாது என்று முள்ளின் உட்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுவேன்.

அண்ணனுக்கு இதெல்லாம் ஒரே கேலி. அவர் இறால் குத்திக் கடலோரத்தில் தூண்டில் போட்டவர். பிடித்த மீன் சட்டிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

“புடிச்சு, போட்டோ எடுத்து, முத்தம் குடுத்து அனுப்பறியே, நீ என்ன மீனுக்கு மாப்பிள்ளையாடா?” என்பார்.

போன வருடம் அவருக்கு வயிற்றில் புற்று. மருந்து ஏற்றி ஏற்றி நாக்கு செத்துப்போயிருந்தது. எதைக் கொடுத்தாலும் மண்ணு மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிடுவார். அண்ணி கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டு கரண்டி இறங்கினால் அன்றைக்கு அது நல்ல நாள். அப்படி இருந்தவர் செப்டம்பரில் திடீரென்று, “இந்த வாட்டி நானும் வரேன்லா” என்றார். அண்ணி முதலில் வேண்டாம் என்றார். பிறகு அவரே பையைக் கட்டிக் கொடுத்தார்.

ஆற்றங்கரை மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு அண்ணனை உட்கார வைத்தேன். காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, நான் வீசுகிற ஒவ்வொரு வீச்சுக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணி வாக்கில் ஒரு பாறையின் நிழலில் தெங்காஸ் பூச்சியை எடுத்தது. கோல் வளைந்து கைக்குள் உதறியது. வலைக்குள் வாங்கியபோது ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் போலிருந்தது. மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து முள்ளை எடுத்தேன்.

அண்ணன் எழுந்து, தடுமாறிக்கொண்டே பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“டேய், இதப் புளி ஊத்திக் குழம்பு வெச்சா சாப்புடலாம் போல இருக்குடா.”

மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. என் காதில் அது ஏறவில்லை. நான் மீனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முட்டை மீன்ணே.”

“ஒரு மீனுதானேடா.”

“இப்படி ஒண்ணு ஒண்ணுன்னுதான்ணே எல்லாரும் எடுக்கறாங்க.”

சொல்லி முடிப்பதற்குள் கையைத் திறந்துவிட்டேன். அந்த இடத்தில் மீன் எடுக்கத் தடை ஏதும் கிடையாது. இருந்ததெல்லாம் என் சட்டம்தான். அண்ணன் மீன் போன திசையைப் பார்த்தார்.

“சரி, போகட்டும். புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்” என்று சிரித்தார். அவர் சிரித்ததும் நான் அதோடு விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் பாலிங்கில் சாலையோர மாமாக் தேநீர்க்கடை ஒன்றில் நிறுத்தினோம். நான் தேநீர் சொல்லிவிட்டுப் பார்த்தால், அண்ணன் கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரம் நின்று ஒரு பிளாஸ்டிக் பையை உதறிக்கொண்டிருந்தார்.

“மருந்தக் கொட்டாதீங்கண்ணே!”

“உன் வேலையப் பாருடா” என்றார், திரும்பாமலே.

அடுத்த மாதமே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கே உட்கார்ந்தாலும் அந்த மீன்தான். சாகப் போகிறவர் வாய்விட்டுக் கேட்ட ஒன்றைத் தண்ணீரில் விட்டவன் நான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

இந்த வருடம் முதல் திதி வந்தது. படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும். மீன் என் பொறுப்பு என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போனேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மதியம் ஒரு தெங்காஸ் கிடைத்தது. அதன் வயிற்றைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை திறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக ஒரு மீனைக் கல்லால் அடித்துக் கொன்றேன். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மூடினேன்.

நேரே ஆயர் ஈத்தாமில் அண்ணி வீட்டுக்கு வண்டியை விட்டேன். தீவுக்குப் போகும் பாலத்தைக் கடக்கும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அண்ணி, அவர் கேட்டார், நான் கொடுக்கவில்லை. இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

அண்ணி பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“அதே மீனா தம்பி?”

“எதுங்க அண்ணி?”

“போன வருஷம் ஆத்தங்கரையில அவருக்கு ஆக்கிக் குடுத்தியே, அது. நான்தான் மசாலாவும் புளியும் பையில வெச்சு அனுப்பியிருந்தேனே. காலியா வந்துச்சு. ‘உன் கொழுந்தன் ஆக்குனான், ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டேன்’னாரு. அவரு கடைசியா வயிறாரச் சாப்புட்டது அதான் தம்பி. அத நெனச்சுத்தான் நான் மனசத் தேத்திக்கறேன்.”

பாலிங் சாக்கடை ஓரம் அவர் நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. அண்ணி கொடுத்தனுப்பியதைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு வலிக்கும். அப்படியே திருப்பிக் கொண்டுபோனால் அண்ணிக்கு வலிக்கும். அதற்காகத்தான் மசாலாவையும் புளியையும் கொட்டியிருக்கிறார். பாலத்தில் தயார்செய்து வந்ததை விட்டுவிட்டு, மீனை எடுத்துத் தொட்டியில் வைத்தேன்.

“எப்படி ஆக்குனே, சொல்லு. அதே மாதிரி வெச்சுப் படைக்கணும்.”

எனக்கு மேகி மீயைத் தவிர ஒன்றும் ஆக்கத் தெரியாது. எண்ணெய் காயவைத்து வெங்காயம் வதக்கினேன் என்றேன். மசாலாவைப் போட்டேன் என்றேன். மீனைக் கடைசியில் போட்டேன் என்றேன். அண்ணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“புளி?”

“பெரிய எலுமிச்சம்பழம் அளவுங்க அண்ணி.”

“அதான்!” என்று அண்ணி சிரித்தார். கண் கலங்கியிருந்தது. “புளி தூக்கல்னு சொன்னாரு. ‘அவனுக்கு ஆக்கத் தெரியல, ஆனா ஆசையா ஆக்கிக் குடுத்தான்’னாரு. இருக்கட்டும், அதே அளவே போடறேன்.”

அண்ணி புளியை ஊறப் போட்டார். வெங்காயத்தை நான் வாங்கிக்கொண்டேன். உரிக்கத் தொடங்கும் முன்பே அழுகை வந்துவிட்டது.