பச்சைப் புள்ளி வைத்த காசு

ரொட்டிக் கடை அக்காவிடம் பாக்கிச் சில்லறை வாங்கப் பொறுமை வேண்டும். கல்லாவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு காசையும் அவள் திருப்பிப் பார்த்து, விரல் நுனியால் தடவி, அதன் பிறகுதான் நீட்டுவாள்.

"என்னக்கா, காசுக்குக் காய்ச்சலா? தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?" என்பார் எதிர்க்கடைத் தையல்காரர்.

"உங்க கையை விட்டு வெளிய வந்த காசாச்சேண்ணே, அதிர்ச்சியில கொதிக்குது."

கடையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஐந்து வருடமாக ஒருத்தி அழுதுகொண்டிருப்பது யாருக்குத் தெரியும்?

அவள் தேடியது ஒரு பச்சைப் புள்ளியை.

அவள் கணவருக்கு விசித்திரமான காசுகள் என்றால் பித்து. கடைக்குச் சில்லறை வேண்டும் என்று வங்கிக்குப் போனால், காகிதத்தில் சுற்றிய காசுச் சுருள்களைத் தேவைக்கு மேல் வாங்கி வருவார். மதியம் கூட்டம் ஓய்ந்ததும் மாவு மேசையைத் துடைத்து, அதன்மேல் உடைத்துக் கொட்டுவார். அச்சு இருமுறை விழுந்து எழுத்து இரட்டையாகத் தெரியும் காசு, படம் கோணிப்போன காசு, எந்த நாட்டிலிருந்தோ வழிதவறி வந்த காசு... ஒன்று அகப்பட்டுவிட்டால் போதும். "அடியே, இங்க வா, இங்க வா!" என்று பிள்ளை பிறந்தவர்போலக் கூவுவார். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அதுதான் கொண்டாட்டம்.

மீதிக் காசுகளில், ஆண்டு பொறித்த இடத்துக்குக் கீழே, பச்சை நகப்பூச்சால் ஊசிமுனை அளவு புள்ளி வைப்பார். பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளம். அவை வங்கிக்கே திரும்பிப் போகும். ஊரெல்லாம் சுற்றி மறுபடி தன்னிடமே வந்தால் அவற்றை ஒதுக்கிவிடலாம் அல்லவா?

"கட்டின பொண்டாட்டி விரலுக்கு ஒரு நாள் பூசி விட்டதில்ல, காசுக்கு அலங்காரமாம்!" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள் அவள்.

ஒரு மதியம், பார்த்து முடித்த காசுகளைப் பையில் அள்ளிக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினார். வங்கிக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. போலீஸார் தேடினார்கள், பிறகு கைவிரித்தார்கள்.

புள்ளி வைத்த காசுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. பன் வாங்க வந்தவர் நீட்டிய கையில், வங்கிச் சுருளின் நடுவில், திடீர் திடீரென்று அந்தப் பச்சைக் கண் விழித்துப் பார்த்தது. அவள் ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தாள்.

ஒரு நாள் கல்லாவில் கிடந்த ஒரு காசை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பச்சைப் புள்ளிக்கு மேல் இந்த வருடத்து ஆண்டு! தொலைந்துபோன மனிதர் நேற்று அச்சான காசில் எப்படிப் புள்ளி வைப்பார்?

உயிரோடு இருந்தால் வைப்பார்.

"அவர் இருக்கார் அண்ணா. இதே ஊர்லதான் இருக்கார்," என்று போனில் அழுதாள்.

"இருக்கிற மனுஷன் ஏன் பாப்பா வீட்டுக்கு வரல?" என்றார் அண்ணன். "ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன். கடையை உன் மாமியார்கிட்ட ஒப்படைச்சிட்டுக் கிளம்பு. ஒரு நல்ல மனுஷர் உன்னைக் கட்டிக்கறேன்னு கேக்கறார். உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா?"

உள்ளே பன்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது. இவள் போனை வைத்தாள். காத்திருப்பதா, போவதா? அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் இந்த வாசலை விட்டு எப்படி நகர்வது?

சனிக்கிழமை காலை. பின்கட்டிலிருந்து சூடான பன் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கல்லாவைத் திறந்தாள். மேலாக ஒரு காசு. தடவினாள். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது.

ஈரம்!

இப்போதுதான் வைத்திருக்கிறார்! இங்கே வந்திருக்கிறார்! தட்டு சரிந்தது. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். "நில்லுங்க! எங்க இருக்கீங்க?" என்று கத்தினாள். போவோர் வருவோர் முகங்களையெல்லாம் பிடித்துத் திருப்பாத குறையாகப் பார்த்தாள். தையல்காரர்தான் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்.

மாமியார் தரையில் உட்கார்ந்து, சிதறிய பன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆள்காட்டி விரல் நகத்தோரம் பச்சையாக இருந்தது.



"அத்தை... நீங்களா?"

"நீ போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?" கிழவி இரு கைகளாலும் முகத்தில் அறைந்துகொண்டாள். "அவன் இருக்கான்னு நம்பினாத்தானே நீ இருப்ப?"

அவள் கோபப்படவில்லை. பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மாவு மேசையில் கொட்டினாள். "எது அவர் வெச்சது, எது நீங்க வெச்சது? அதை மட்டும் சொல்லுங்க."

மாமியார் ஒவ்வொரு காசாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"தெரியலடி. முதல்ல பழைய காசுலதான் வெச்சேன். அவன் கை மாதிரியே வரணும்னு எவ்வளவு பழகினேன் தெரியுமா?"

அப்போதுதான் அவள் அழுதாள். கணவர் தொட்ட காசுகள் அந்தக் குவியலில்தான் இருந்தன. ஆனால் அவர் அவற்றிலிருந்து போய்விட்டார். அன்றுதான் அவர் இரண்டாம் முறை தொலைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தபோது இரண்டு பெட்டிகள் வாசலில் இருந்தன.

"அத்தையும் வர்றாங்க. கல்யாணப் பேச்சு இப்ப வேணாம் அண்ணா."

"போன்ல சொன்னியே, அந்தம்மா உனக்குப் பண்ணினதை. அதுக்கப்புறமுமா?"

"பெத்தவங்க அண்ணா. என்னைவிட அவங்களுக்குத்தான் வலி ஜாஸ்தி."

வண்டி தெருமுனை திரும்பும்போது, பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த மாமியார் அவள் கையைப் பற்றினாள். "அடியே... கடை வாசல்ல... அவன் நிக்கறான்டி!"

நம்புவதற்கு அவளிடம் இனி என்ன இருக்கிறது? ஆனாலும், "நிறுத்துங்க அண்ணா!" என்ற குரல் அவளுடையதுதான். இறங்கி ஓடினாள். மூடிய கடை முன்னால் வெயில் மட்டும் நின்றிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தவளைப் பார்த்துக் கிழவி விம்மினாள். "இந்தத் தடவ பொய் சொல்லலடி. நெசமாவே பாத்தேன்."

"தெரியும் அத்தை," என்றாள் அவள், அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு. "நானும் தினம் பாக்கறேன்."