வாய் மூடிய ஒன்று

"தலைமை நடுவர்: டோ அம்சவேணி. சர்வதேச அனுபவம் பெற்றவர். சதுரங்க விதிகளில் ஆழ்ந்த புலமை உடையவர். அவருடைய தீர்ப்பே இறுதியானது."

யாங்கோன் வாழ் பிலிப்பைன்ஸ் மக்கள் நடத்தும் இளையோர் விளையாட்டு விழாவின் மலரில், பதினோராம் பக்கத்தில், ஒரு பல் மருத்துவமனையின் விளம்பரத்துக்கு மேலே இப்படி அச்சாகியிருந்தது. இதில் பெயர் சரி. பெயருக்கு முன்னால் உள்ள 'டோ' என்ற பர்மிய மரியாதைச் சொல்லும் சரி. ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணியை அந்த ஊரில் வேறு எப்படியும் எழுத முடியாது. சர்வதேச அனுபவம் என்பது நாத்தனார் மகள் கல்யாணத்துக்காகப் பினாங்கு போய்ப் பதினாறு நாள் தங்கி வந்தது. ஆழ்ந்த புலமையைப் பொறுத்தவரை, குதிரை எப்படிப் போகும் என்று அம்சவேணிக்குத் தெரியாது. போன பிறகு எதிரில் உட்கார்ந்த பிள்ளை சும்மா இருந்தால், சரியாகத்தான் போயிருக்கிறது என்று முடிவு செய்துகொள்வாள்.

யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் அவள் வருகைப் பதிவு எழுத்தர். இருபத்தாறு வருட வேலை. அந்தப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க வந்த பிலிப்பைன்ஸ்காரர் ரொமுலோ சார்தான் ஏழு வருடத்துக்கு முன் அவளைக் கேட்டார்: எங்கள் பிள்ளைகளின் சதுரங்கப் போட்டியில் நேரம் பார்க்கவும் சத்தம் போடாமல் உட்கார வைக்கவும் ஓர் ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? அவளிடம் பள்ளியின் பித்தளை மணி இருந்தது. அதைவிட, மணி அடிக்காமலேயே நாற்பது பிள்ளைகளை அடக்கும் ஒரு பார்வை இருந்தது. போனாள். முதல் வருட மலரில் 'நேரக் கண்காணிப்பாளர்' என்று போட்டார்கள். அடுத்த வருடம் 'உதவி நடுவர்'. பிறகு 'நடுவர்', பிறகு 'தலைமை நடுவர்'. அவளுக்குக் கீழே வேறு நடுவர் யாரும் கிடையாது. பினாங்கு போய் வந்த கதையை ரொமுலோ சாரிடம் அவள் சொன்ன வருடத்திலிருந்து 'சர்வதேச'மும் சேர்ந்துகொண்டது. பள்ளியில் இருபத்தாறு வருடத்தில் ஒரு பதவி உயர்வும் வராதவளுக்கு இங்கே விண்ணப்பிக்காமலேயே நான்கு வந்தன.

ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சுக்காரர்களோடு போகிறாளே என்று பெரியப்பா மகள் சொர்ணம்மாள் குடும்பம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். வருடத்தில் ஒரே ஒரு ஞாயிறு. அதைத் திருத்த அம்சவேணி மெனக்கெடவில்லை.

அங்கே பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். அது அவர்கள் வழக்கத்தில் வணக்கம். முதல் வருடம் வரிசையாக ஆறு பிள்ளைகள் அவள் கையை நெற்றியில் வைத்தபோது, அம்சவேணி ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்து, யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று அறிவித்தாள். அதிலிருந்து அவளை எல்லோரும் 'டீட்டா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அத்தை என்று பொருள்.

விதிகளில் ஒன்றை மட்டும் அவள் முழுசாகக் கற்றுக்கொண்டாள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். 'டச் மூவ்' என்று அந்தப் பிள்ளைகள் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வார்கள். அது அவளுக்கு மிகவும் பிடித்துப்போய், பள்ளி அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத்தைக் கையில் எடுத்துப் பார்த்த ஆசிரியர்கள் அதை நிரப்பியே தீர வேண்டும் என்று கொண்டுவந்தாள். மற்ற விதிகளில் தகராறு வந்தால் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தி, எனக்குப் புரியும்படி சொல்லு என்பாள். அது உண்மையான வேண்டுகோள். பிள்ளைகள் அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டார்கள். சர்வதேச நடுவரிடம் விதி சொல்லப்போகிறோமே என்று நிதானித்துச் சொல்லும்போது, தப்பு செய்த பிள்ளைக்குப் பாதியிலேயே குரல் இறங்கிவிடும். அப்படி ஏழு வருடமாக ஒரு தீர்ப்பும் தவறவில்லை.

இந்த வருடம் டிசம்பர் மூன்றாம் ஞாயிறு, காலைப் பூசை முடிந்து, தாமுவேயில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் போட்டி. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஆறு பேர். எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். ஐந்து சுற்று, சுற்றுக்கு மூன்று ஆட்டம். முதலிடம் வரும் பிள்ளைக்குப் பிப்ரவரியில் பாங்காக் போய் ஆட விமான டிக்கெட். ஒரே ஒரு டிக்கெட். போன வருடம் ட்ரிக்ஸி என்ற பெண் அரைப் புள்ளியில் அதைத் தவறவிட்டிருந்தாள். வரும் மார்ச்சில் அவளுக்கு வயது பதின்மூன்று. இந்தப் பிரிவில் இதுதான் கடைசி வருடம். அவள் அம்மா மரிகார் மழலையர் பள்ளி ஆசிரியை. சொந்தச் செலவில் பாங்காக் என்பது பேச்சிலேயே இல்லை.

மூன்றாவது சுற்று நடக்கும்போது மின்சாரம் போயிற்று. அதில் புதுமை எதுவும் இல்லை. ஆனால் மண்டபத்துக்கு ஜன்னல்கள் குறைவு. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளி எலெக்ட்ரீஷியன் பிரேம்நாத்தை அம்சவேணி கூட்டிவந்திருந்தாள். அவன் அதை உதைத்துக் கிளப்ப ஒன்பது நிமிடம் ஆனது. அதற்குள் ட்ரிக்ஸியின் ஆட்டம் முடிந்துவிட்டது. எதிரில் ஆடியவள் மிக்கா, முன்பல் இரண்டும் விழுந்த ஒன்பது வயதுச் சிறுமி. இருவரும் சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். முடிவை எழுதுவது நடுவர் வேலை. அம்சவேணி போனை வாயில் கவ்விக்கொண்டு அந்த வெளிச்சத்தில் எழுதினாள்.

மற்றச் சீட்டுகளில் எல்லாம் அவள் ஆங்கில எண்ணில்தான் எழுதியிருந்தாள். இருட்டில் கை பழைய வழிக்குப் போய்விட்டது. இருபத்தாறு வருடம் பதிவேட்டில் எழுதிய பர்மிய எண். பர்மியத்தில் பூஜ்யம் என்றால் முழு வட்டம். ஒன்று என்றால் அதே வட்டம், இடப்பக்கம் கொஞ்சம் வாய் திறந்திருக்கும். ஒன்றுக்கும் ஒன்றுமில்லாததற்கும் அவ்வளவுதான் வித்தியாசம். அம்சவேணியின் ஒன்று வருடா வருடம் வாயை மூடிக்கொண்டே வந்திருந்தது. பள்ளியில் யாருக்கும் அதனால் குழப்பம் இல்லை, அவளைத் தவிர யாரும் அந்தப் பதிவேட்டைப் படிப்பதில்லை.

சீட்டுகளைக் கணினியில் ஏற்றியது ரொமுலோ சார். பர்மிய எண் சுத்தமாகத் தெரியாத ஆளாக இருந்தால் இது என்ன என்று வந்து கேட்டிருப்பார். அவருக்குப் பாதி தெரியும். பஸ் எண்களைப் பார்த்து ஏறக் கற்றுக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பூஜ்யம், பூஜ்யம் என்று படித்தார். இருவரும் விதி மீறினால் இருவருக்குமே பூஜ்யம் போடலாம் என்று அவர் எங்கோ படித்திருந்தார். சர்வதேச நடுவர் இருட்டிலும் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று வியந்தபடி அடுத்த சீட்டை எடுத்தார்.

இரண்டு மணிக்குப் பரிசளிப்பு. ஜெரிகோ, நான்கு புள்ளி, முதலிடம். ட்ரிக்ஸி, மூன்றரை, இரண்டாமிடம். ஜெரிகோவின் அப்பா திரு. மங்குபாத் சங்கத்தின் தலைவர், பாலம் கட்டும் பொறியாளர். கோப்பையைத் தானே தன் மகனுக்குக் கொடுப்பது முறையில்லை என்று மனைவியைக் கொடுக்கச் சொன்னார். ட்ரிக்ஸியும் கை தட்டினாள்.

எல்லோரும் சாப்பிட வெளியே கூடைப்பந்து மைதானத்துப் பக்கம் போய்விட்டார்கள். யாரோ கரோக்கி ஆரம்பித்துவிட்டார்கள். அம்சவேணி மட்டும் உள்ளே நின்று, சுவரில் ஒட்டிய பட்டியலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். யாரும் கூட்டச் சொல்லவில்லை. பள்ளியில் வந்தவர்களையும் வராதவர்களையும் கூட்டினால் மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை வர வேண்டும்; வராவிட்டால் ஒரு பிள்ளையைக் காணோம் என்று அர்த்தம். கூட்டாமல் எந்தத் தாளையும் விட்டு நகர அவளால் முடியாது. இங்கே கூட்டினால் பதினான்கு வந்தது.

பிரேம்நாத் ஒரு தட்டில் லும்பியாவோடு, அதாவது அவர்கள் பொரிக்கும் கறிச் சுருளோடு, உள்ளே வந்தான்.

"பதினஞ்சு ஆட்டம்டா பிரேம்நாத்து. பதினஞ்சு புள்ளி வரணும். பதினாலுதான் இருக்கு."

"ஒண்ணுதானக்கா. மீ போனப்ப அதுவும் சேந்து போயிருக்கும். சாப்பிடுங்க, ஆறுது."

மின்சாரத்துக்கு 'மீ' என்பது அவ்வூர்த் தமிழ். அவன் விளையாட்டுக்குச் சொன்னதுதான் அவளுக்கு வழி காட்டியது. மூன்றாம் சுற்றுச் சீட்டுகளை எடுத்தாள். ட்ரிக்ஸி, மிக்கா ஆடிய சீட்டில் அவள் கையெழுத்தில் இரண்டு வட்டங்கள். முதல் வட்டம் அவளுக்கே பூஜ்யமாகத்தான் தெரிந்தது.

மிக்காவைத் தேடிப் பிடித்து, மூன்றாம் சுற்றில் யார் ஜெயித்தது என்று கேட்டாள். மிக்கா ஐந்து ஆட்டமும் தோற்றவள்; தன்னிடம் ஒருவர் விவரம் கேட்டதில் அவளுக்கு ரொம்பத் திருப்தி. ட்ரிக்ஸிதான், பன்னிரண்டே நகர்த்தலில், என்றாள். பிறகு அம்சவேணி ட்ரிக்ஸியிடம் போனாள். அம்மாவுக்குப் பக்கத்தில் தொடாத தட்டோடு உட்கார்ந்திருந்தது அந்தப் பெண். இருவரும் பர்மியத்தில் பேசினார்கள்.

"மூணாவது ஆட்டத்துல நீதானே ஜெயிச்சே? ஏன் என்கிட்ட சொல்லலை?"

ட்ரிக்ஸி அம்மாவைப் பார்த்தாள். "நான் மாம்பழம் சாப்பிட்டேன், டீட்டா."

"என்ன மாம்பழம்?"

"காய்ஞ்ச மாம்பழம். இருட்டா இருந்தப்ப, மேசைக்குக் கீழே வெச்சு. ரெண்டு துண்டு." கொஞ்சம் யோசித்துத் திருத்தினாள். "மூணு. அதுக்குத்தானே பூஜ்யம் போட்டீங்க?"

மகள் செய்ததற்கு மரிகார் மன்னிப்புக் கேட்டாள். மலரில் தீர்ப்பு இறுதி என்று போட்டிருப்பதால் மேலே எதுவும் பேசக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அம்சவேணி சீட்டை எடுத்துக்கொண்டு ரொமுலோ சாரிடம் போனாள். ரொமுலோ சார் வெளுத்துப்போய் அவளைத் தலைவரிடம் கூட்டிப்போனார்.

திரு. மங்குபாத் கெட்ட மனிதர் அல்ல. நாற்பது நிமிடத்துக்கு முன் மகன் கோப்பையோடு நிற்கும் படத்தை முகநூலில் போட்டிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு விருப்பங்கள் வந்திருந்தன. அதில் ஒன்று செபுவில் இருக்கும் அவர் மாமியாருடையது. அந்த அம்மாள் எதையும் சுலபத்தில் விரும்பக்கூடியவர் அல்ல. திரு. மங்குபாத் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மாம்பழம் வந்த இடத்தில் அவர் முகம் தெளிந்தது. ஆட்டத்தின்போது சாப்பிடுவது எதிராளிக்கு இடைஞ்சல். பிள்ளையே ஒப்புக்கொள்கிறது. ஆகவே பூஜ்யம் சரியான தண்டனைதான், காரணம்தான் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது என்று விளக்கினார்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலை, மேடம். தப்பா எழுதியிருந்தாலும் சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

ரொமுலோ சாருக்கு உயிர் வந்தது. இந்தக் கணக்கில் அவர் படித்ததும் சரியாகிவிடுகிறது. மரிகார்கூடத் தலையசைத்தாள். பின்னால் நின்ற பிரேம்நாத் தமிழில் முணுமுணுத்தான்.

"ஆமான்னு சொல்லிட்டு வாங்கக்கா. இல்லேன்னா அடுத்த வருசம் உங்களைக் கூப்பிட மாட்டாங்க."

அவன் சொன்னது உண்மையென்று அம்சவேணிக்குத் தெரியும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பிழை அவள் கண்ணெதிரிலேயே தீர்ப்பாக மாறி நிற்கிறது. வேறு யாரும் அவளை நான்கு முறை உயர்த்தியதில்லை. டீட்டா என்று வந்து கையைப் பிடிக்கும் இடமும் வேறு கிடையாது. ட்ரிக்ஸி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று துண்டு மாம்பழத்துக்கு இவ்வளவு கூட்டமா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று அம்சவேணி ஆங்கிலத்தில் பேசினாள். நிதானமாக, வருகை வாசிப்பதுபோல.

"நான் மாம்பழம் எதையும் பார்க்கலை. தண்டனை எதுவும் கொடுக்கலை. ஒண்ணுன்னு எழுதினேன். என் ஒண்ணு மோசமா இருக்கும், அது என் தப்பு." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எனக்குச் செஸ் தெரியாது, மிஸ்டர் மங்குபாத். ஏழு வருசமாத் தெரியாது. கூட்டத் தெரியும். ஒரு புள்ளி குறையுது."

கரோக்கியில் யாரோ ஒருவர் உச்சஸ்தாயியில் மாட்டிக்கொண்டு நின்றார். ரொமுலோ சார் தரையைப் பார்த்தார். திரு. மங்குபாத் எதையோ சொல்ல வாயெடுத்தபோது ஜெரிகோ கோப்பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"ட்ரிக்ஸி என்னையும்தான் ஜெயிச்சா, டாட். நான் போகலாமா?" அவனுக்கு மூன்று மணிக்குக் கூடைப்பந்து இருந்தது.

பட்டியலில் மூன்றரையை அடித்து நாலரை என்று ஆங்கில எண்ணில் எழுதினாள் அம்சவேணி. பக்கத்தில் 'நடுவரின் எழுத்துப் பிழை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள். மறுபடி கூட்டிப் பார்த்தாள்; பதினைந்து வந்தது. கோப்பையை எடுத்து ட்ரிக்ஸியிடம் கொடுத்தாள்.