சாது என்று சொல்லிக் கொடுத்த குட்டி

நாற்பது வருஷம் லாரி ஓட்டினேன். நாமக்கல்லில் ஏறியவன் புனேயில் இறங்கி, அப்படியே தங்கிவிட்டேன். இப்போது அந்த ஊரிலேயே வாகட் பகுதியில், ஏழாவது மாடியில், மகள் வீட்டில் இருக்கிறேன். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைத் தூக்கி வந்து தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது மகளின் பழக்கம்.

அந்தக் குட்டியை மழைக்காலத்தில் ஹைவே ஓரத்துச் சாக்கடையிலிருந்து எடுத்து வந்தாள். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். உடம்பு தேறிய பிறகுதான் அதற்கு நடக்கத் தெரியாது என்று தெரிந்தது. எங்கே போனாலும் ஓட்டம்தான். என் செருப்பைத் தின்றது, துடைப்பத்தைப் பிரித்துப் போட்டது. மேலே குதிரை வளர்க்கிறார்களா என்று கீழ் வீட்டுக்காரர் குடியிருப்புக் கமிட்டியில் கேட்டார். மாசக் கடைசிக்குள் குட்டி போக வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. வீடு அமையாவிட்டால் காப்பகத்தில் கூண்டுதான். ஒரு கூண்டுக்கு நாலு நாய். ஓடுகிற பிள்ளையை அதில் எப்படி அடைப்பது?

எங்கள் அடுத்த டவரில் சென்னைத் தம்பதி ஒன்று இருந்தது. இரண்டு பேருக்கும் ஐடி வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

பழைய லாரி விற்கிறவன் ஒன்று செய்வான். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிற வண்டியாக இருந்தால், வாங்குகிறவன் வருவதற்கு முன்னாலேயே நாலு மைல் ஓட்டி இன்ஜினைச் சூடேற்றி வைத்துவிடுவான். வந்தவன் சாவியைத் திருப்பினால் ஒரே இழுப்பில் பிடிக்கும். இப்படி ஒரு வண்டி என் தலையிலும் கட்டப்பட்டிருக்கிறது. தினமும் காலையில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். அதில் ஒருவர் தள்ளும்போதெல்லாம் எனக்குப் பெண் தேடுவதாகச் சொல்லுவார், கடைசியில் அவரே மாமனாரானார். அது வேறு கதை.

அன்றைக்கு மகள் கடைக்குப் போயிருந்தாள். நான் குட்டியை மாடிப்படிக்குக் கூட்டிப்போய், மேலே நின்று பந்தை உருட்டிவிட்டேன். ஓடிப்போய் எடுத்து வந்தது. மறுபடியும் உருட்டினேன். முப்பது தடவை இருக்கும். பிறகு ஒரு கிண்ணம் தயிர்சாதம் வைத்தேன். அவர்கள் வந்தபோது கட்டிலடியில் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது.

"அங்கிள், எவ்ளோ சாதுவா இருக்கு!" என்றது அந்தப் பெண்.

"தங்கமான குட்டிம்மா. இருக்கிற இடமே தெரியாது" என்றேன்.

ஓட்டம் தாங்கவில்லை என்று மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. காலையில் பூட்டிவிட்டு ஆபீஸ் போனால் ராத்திரிதான் வருவார்கள். அதுவரை பால்கனியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கயிறு உரசிக் கழுத்தில் முடி போயிருந்தது. உள்ளே வந்த குட்டி ஓடவில்லை. சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"எப்படிப்பா இத சாதுன்னு நம்புனாங்க?" என்றாள் மகள்.

சொன்னேன். பந்து, தயிர்சாதம், எல்லாம். அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "லாரின்னு நெனச்சுட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு நாளில் குட்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. மாசம் முடிய நாலு நாள் இருந்தது. அப்போது புனேயின் மறுகோடி கோந்த்வாவிலிருந்து ஓர் அம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், மராத்திக்காரர், ஐம்பது வயதிருக்கும். தினமும் விடியற்காலையில் டேக்டி ஏறுகிறவர். இங்கே குன்றை அப்படித்தான் சொல்வார்கள். அவர் உட்காருவதற்குள் குட்டி அவருடைய ஒரு ஷூவைக் கவ்விக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டது.

மகள் என்னைப் பார்த்தாள். இவரும் போய்விட்டால் கூண்டுதான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. டீச்சரம்மாவை இங்கே கூப்பிடுகிற மாதிரி பாயி என்று கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன்.

"பாயி, முன்னாடியே சொல்லிடறேன். இது ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. நான்தான் பொய் சொல்லிக் கொடுத்தேன்."

"என்ன பொய், காகா?" என்றார். காகா என்றால் சித்தப்பா.

"சாதுன்னேன்."

அவர் சிரித்துவிட்டார். "இன்னும் என்னென்ன பண்ணும், அதையும் சொல்லுங்க."

விரல் விட்டுச் சொன்னேன். செருப்பு, துடைப்பம், மழை பெய்தால் குரைப்பது, கட்டினால் வாடிப்போவது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "பகல்ல வீட்ல யாரு?" என்று மகள் கேட்டாள். பள்ளிக்கூடம் மதியத்தோடு முடிந்துவிடும், அதுவரை ரிட்டயர்டு ஆன தன் அண்ணன் இருப்பார் என்றார்.

"முதல்ல என்கூட டேக்டி ஏறிப் பார்க்கட்டும்" என்றார். மறுநாள் விடியற்காலை நாங்களும் போனோம். நான் அடிவாரத்தில் பாறையில் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒரு தடவை ஏறி இறங்குவதற்குள் குட்டி மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கும். கீழே வந்ததும் தானாகவே அவர் காலடியில் படுத்தது. யாரும் பந்து உருட்டவில்லை. அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. அவர் நம்பர். சென்னைத் தம்பதி திருப்பிக் கொண்டுவந்ததும் மூன்றாம் நாள்தான்.

"காகா, இது எவ்வளவுதான் சாப்பிடும்? ரெண்டு பாக்ரி ரொட்டி தின்னுட்டு என் தட்டையே பார்க்குது, பாவமா."

"அந்த மூஞ்சிய நம்பாதீங்க பாயி" என்றேன். "அதுவும் பொய்தான்."