மலைக்குத் தீ வைக்காத ஊர்

சென்னையிலிருந்து காலையில் கிளம்பிய மின்சார ரயில் திருத்தணியில் இறக்கிவிட்டபோது வெயில் ஏறியிருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வறண்ட கோடைகளில் ஒன்று. பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் மலையடிவாரத்து ஊரொன்றில் இறங்கினேன். என்னோடு முன்பு வேலை பார்த்த முனிரத்தினம் அங்கே வேர்க்கடலை பயிரிடுகிறார்.

"மலையப் பாருங்க சார், பச்சையா கீது" என்றார் பெருமையாக.

ஆடு வளர்ப்பவர்கள் கோடைதோறும் மலையில் காய்ந்த புல்லைக் கொளுத்துவார்களாம், மழைக்கு இளம்புல் துளிர்க்கட்டும் என்று. கூடவே மரக்கன்றுகளும் கருகிவிடும். மொட்டை மலையில் பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். மழையும் குறைந்து கிணறுகள் வற்றத் தொடங்கியபின் ஊர் கூடிப் பேசியது. இனி யாரும் தீ வைப்பதில்லை; அதற்கு ஈடாக, கடலை பிடுங்கியதும் காய்ந்த கொடியை விவசாயிகள் ஆடுகளுக்குத் தரவேண்டும். இது தீயில்லாத மூன்றாவது கோடை.

மாலை நான்கு மணிக்கு மலைமேல் புகை எழுந்தது.

"நாகம்மா வேலைதான்!" என்று யாரோ கத்தினார்கள். ஊரில் அதிக ஆடுகள் வைத்திருப்பவள் அவள். எல்லோரும் ஓடினோம், நான் மூச்சிரைக்கக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நாகம்மா எங்களுக்கு முன்பே வந்து, புங்கங்கிளையை ஒடித்துத் தனியாகத் தீயை அடித்துக்கொண்டிருந்தாள். புடவை ஓரம் பொசுங்கியிருந்தது. ஆளுக்கொரு கிளையை ஒடித்து நாங்களும் அடித்தோம். இருட்டுவதற்குள் தீ அடங்கியது. ஒரு சரிவு மட்டும் கருகிப்போயிருந்தது. வைத்தது யாரென்று தெரியவில்லை.

"என்னைத்தான சொல்லிகினு வந்தீங்க?" நாகம்மா, தனக்கு மச்சான் முறையான முனிரத்தினத்தின் முன்னால் வந்து நின்றாள். "கொடி தரேன்னியே பாவா, இந்த வருசம் எங்க? ஆடு பட்டினியா கெடக்குது. அப்பவும் நான் வைக்கல."

முனிரத்தினம் தலை குனிந்தார். விளைச்சல் குறைந்ததால், கொடியைக் கனகம்மாசத்திரத்து மாட்டுக்காரருக்கு விலைக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஊரில் பலரும் அப்படித்தான்.

மறுநாள் விடிந்ததும் தன் களத்திலிருந்த கொடியை மாட்டுவண்டியில் ஏற்றினார். நானும் கைகொடுத்தேன். அவள் ஆட்டுப்பட்டிக்கு நாங்கள் போனபோது வேறொரு விவசாயியின் கொடி வண்டியும் வந்துகொண்டிருந்தது.

"கருகின பக்கம் மழைக்குப் புல்லு மொளைக்கும். மரக்கன்னு தலையெடுக்கற வரைக்கும் அங்க ஆடு விடாத, நாகம்மா" என்றார் முனிரத்தினம் தயங்கியபடி.

அவள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"ஆங், விடல. அதுக்கு இன்னொரு வண்டி கொண்டா."

திரும்பும் ரயிலில் எங்கள் தெரு நினைவுக்கு வந்தது. தண்ணீர் இறங்க இறங்க வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டைகூடப் போட்டதில்லை.