இரண்டு பாட்டுக்கும் ஒரே வேகம்

2004இல் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்து முனையில் நாலு கம்ப்யூட்டர் வைத்து பிரௌசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் மெயில் பார்க்க வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் சிடியில் பாட்டு ஏற்றிக்கொள்ள வருவார்கள். பக்கத்து விடுதியில் ஆறு மாதம் தங்கியிருந்த ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது பாட்டு கலக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு பாட்டில் நிமிஷத்துக்கு எத்தனை தாளம் விழுகிறது என்று அது எண்ணிச் சொல்லும். இரண்டு பாட்டின் எண்ணிக்கையையும் ஒன்றாக்கி, தாளத்தின் மேல் தாளம் சரியாக உட்காரும்படி நகர்த்தி வைத்தால், முதல் பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. அதை நான் யாரும் சொல்லித்தராமல் கற்றுக்கொண்டேன். ஆண்டுவிழா, கல்யாண மண்டபம் என்று என் சிடிகள் போக ஆரம்பித்தன. கூட்டம் கை தட்டினால் அது எனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது.

மாசி மாதத்தில் ஒரு டீச்சர் வந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை. அடி அண்ணாமலையில் வீடு. பள்ளி ஆண்டுவிழாவில் எட்டுப் பெண்கள் ஆடப்போகும் நடனத்துக்கு இரண்டு பாட்டுகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்றார். முதல் பாட்டு நிதானமானது, நிமிஷத்துக்கு நூற்று நாலு தாளம். இரண்டாவது குத்துப்பாட்டு, நூற்று இருபத்தாறு.

"ரெண்டாவதை முதல் பாட்டு வேகத்துக்குக் கொண்டாந்துடுங்க தம்பி," என்றார். "நடுவுல நின்னு ஆடற பொண்ணுக்கு மூச்சு ஜாஸ்தியா வாங்குது. ஒன்பதாவது படிக்கிறா. ரத்தம் கம்மியா இருக்கும்னு நெனைக்கிறேன். ஆடாதேன்னா அழுவறா."

"செஞ்சிடலாம் டீச்சர்."

செய்தும் பார்த்தேன். வேகத்தைக் குறைத்ததும் குத்துப்பாட்டு செத்துப்போயிற்று. பாடுகிறவன் குரல் இழுத்தது, மேளம் ஒவ்வொரு அடிக்கும் இரண்டாகப் பிளந்து கேட்டது. இந்தச் சிடியை என் பெயர் சொல்லி மேடையில் போடுவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மாற்றிச் செய்து பார்த்தேன். நிதானமான பாட்டை நூற்று இருபத்தாறுக்கு ஏற்றினேன். அதற்குப் புது உயிர் வந்தது. இரண்டும் சேர்ந்த இடம் அவ்வளவு அழகாக இருந்தது. ஹெட்போனில் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

விழா அன்று மத்தியானம்வரை கரண்ட் இல்லாததால் சிடியில் ஏற்றத் தாமதமாகிவிட்டது. அதனால் சிடியை நானே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். பள்ளியில் இருந்தது கேசட் போடும் டேப்ரெக்கார்டர் மட்டும்தான். சிடி போட வேண்டுமென்றால் சவுண்ட் செட்காரரிடம்தான் முடியும். பிள்ளைகள் அதுவரை பழைய கேசட்டில், பழைய வேகத்தில், பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி நிறுத்திப் பழகியிருந்தார்கள்.

டீச்சர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். "கேட்டுப் பாக்க நேரமில்ல தம்பி. நான் சொன்ன மாதிரி வேகம் கம்மி பண்ணிட்டீங்கதானே?"

"நீங்க சொன்ன மாதிரியேதான் டீச்சர்," என்றேன்.

அந்தப் பொய்யை அவ்வளவு சுலபமாக எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ரெண்டு பாட்டும் சேர்ந்து ஏழு நிமிஷம், ஏழு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

சாயந்திரம் ஆறு மணிக்கு அவர்கள் மேடை ஏறினார்கள். எட்டுப் பேருக்கும் பச்சைப் பாவாடை, மஞ்சள் தாவணி. நடுவில் நின்ற பெண் மற்றவர்களைவிட ஒல்லி. நான் சவுண்ட் செட்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து, பிறகு ஓடிப் பிடிப்பதுபோலத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையோரத்தில் நின்ற டீச்சர் என் பக்கம் திரும்பினார். உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து, குறை, குறை என்று ஆட்டினார்.

எனக்குப் புரிந்தது. புரியாதவன்போல சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் இரண்டு பாட்டும் சேரும் இடத்துக்காகக் காத்திருந்தேன். அந்த இடம் வந்தது, யாருக்கும் தெரியாமல் போயிற்று. "சூப்பரா சேத்திருக்கியேப்பா," என்று சவுண்ட் செட்காரர் என் தொடையில் தட்டினார். அப்போதுதான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. பூசியிருந்த சாயத்தையும் மீறி உதடு கறுத்திருந்தது. நிறுத்தும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இன்னும் ஒன்றரை நிமிஷம்தான், முடிந்துவிடும் என்று விட்டேன்.

அவள் முதலில் மண்டி போட்டாள். ஆட்டத்தில் அது ஒரு அசைவு என்று நினைத்து முன்வரிசையில் கை தட்டினார்கள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள்.

பள்ளி வேனில் திருவண்ணாமலைக்கும், அங்கிருந்து வேலூருக்கும் கொண்டுபோனார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டுப்போயிருக்கிறது, இது எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். டீச்சருக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மூச்சு வாங்குவது தெரிந்தும் ஆடவைத்தார் என்று சொல்லி மறு வாரமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சித்திரையில் ஒருநாள் காலை, பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்து ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். மணிலாக்கடலைப் பயிர் வைக்கும் குடும்பம். அவள் அப்பா என்னைப் பள்ளி ஆள் என்று நினைத்து உள்ளே அழைத்துப்போனார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அப்பா தண்ணீர் எடுக்கப் போனார்.

"சிடி போட்ட அண்ணாதானே நீங்க?" என்றாள்.

"ஆமாம்மா."

"பாட்டு ஆரம்பிச்சதுமே தெரிஞ்சிடுச்சுண்ணா, வேகமா இருக்குதுன்னு."

"நீ நின்னுட்டிருக்கலாமேம்மா."

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நான் நடுவுல இருக்கறவண்ணா. நான் நின்னா எல்லாரும் ஒருத்தர்மேல ஒருத்தர் இடிச்சிப்பாங்க."

அவள் அப்பா பஸ் ஸ்டாப்வரை என்னோடு நடந்து வந்தார். வழியெல்லாம் வால்வு மாற்றும் ஆபரேஷனைப் பற்றியே பேசினார். உடம்பு தேறினால்தான் செய்வோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். இந்த வேலி தாண்டிச் சொல்லிவிடலாம், அந்தப் பம்பு செட் தாண்டிச் சொல்லிவிடலாம் என்று நடந்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அவள் உடம்பு தேறவில்லை. ஐப்பசி மழையில் செத்துப்போனாள்.

சாவுக்குப் போனேன். டீச்சரும் வந்திருந்தார். நனைந்தபடி தெருவிலேயே நின்றார், பந்தலுக்குள் யாரும் அழைக்கவில்லை. அவள் அத்தை டீச்சரைக் கண்டதும் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். "ஆட வெச்சே கொன்னுட்டியே! இன்னாத்துக்கு வந்த இங்க?"

நான் நடுவில் போய் நின்றேன். "டீச்சர் மேல தப்பு இல்லங்க. அவங்க வேகத்தைக் கம்மி பண்ணத்தான் சொன்னாங்க. நான்தான் ஏத்திட்டேன்."

"இன்னாத்தை ஏத்துன?" என்றார் ஒரு பெரியவர்.

"பாட்டோட வேகத்தைங்க. கம்ப்யூட்டர்ல. ரெண்டு பாட்டும் ஒண்ணா இருக்கணும்னு..."

சொல்லச் சொல்ல என் காதுக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது. பந்தலில் ஒருவருக்கும் புரியவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து வந்து, என் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், "ஒக்காருங்க தம்பி," என்று நாற்காலி போட்டார். அத்தை மறுபடியும் டீச்சரைப் பார்த்துத்தான் கத்தினாள்.

டீச்சருக்கு மட்டும் புரிந்திருந்தது. மழையில் நின்றபடி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். பின்னாலேயே ஓடினேன். "பேசாதீங்க தம்பி," என்றார், திரும்பாமலேயே.

அந்தப் பள்ளி அவரைத் திரும்ப அழைக்கவில்லை. நான் பாட்டு கலப்பதையும் நிறுத்திவிடவில்லை. அடுத்த ஆண்டுவிழாக்களுக்கு ஆட்கள் வந்தார்கள், செய்து கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அம்மாவோடு தேரடி வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் கடைச் சீருடையில் டீச்சர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். "வாங்கம்மா, இன்னா சேலை பாக்கறீங்க?" என்று அம்மாவைக் கேட்டார். ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். அம்மாவுக்கு எதுவும் லேசில் பிடிக்காது. முப்பது சேலையாவது பிரித்திருப்பார், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் அரக்கு நிறத்தில் ஒன்றை அம்மா எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும், "எவ்ளோ பொறுமை அந்தப் பொண்ணுக்கு," என்றாள் அம்மா. "உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லம்மா," என்றேன்.