நிற்காத நான்காவது சிப்பாய்

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அத்தை அமெரிக்காவிலிருந்து வந்தாள். கூடவே அவள் பிள்ளை, என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவனோடு நான்கு சிப்பாய்கள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறத் தெருவில் எங்களுடையது மாடிப் போர்ஷன். அந்தத் தெருவில் யாரும் அதுவரை அப்படிப்பட்ட பொம்மைகளைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் உயரம். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் நம்மைப் போலவே மடங்கும். என்னிடம் இருந்த பொம்மையின் அதிகபட்சத் திறமை, படுக்கவைத்தால் கண்ணை மூடிக்கொள்வது.

அத்தை பிள்ளை நான்கையும் தெருவைப் பார்க்கிற ஜன்னலில் வரிசையாக வைப்பான். மூன்று நிற்கும். தாடி வைத்த நான்காவது நிற்காது. அதற்கு இடுப்பும் முழங்காலும் விட்டுப்போயிருந்தன. கையில் எடுத்தால் கால்கள் ஈரத்துணி மாதிரித் தொங்கும். ஜன்னல் கம்பியில் சாய்த்துவைப்பான். ஃபேன் காற்றுக்கே சரிந்துவிடும். அலுக்காமல் மறுபடி சாய்த்துவைப்பான். சாந்தோம் கடற்கரைக்குப் போகும்போதுகூட நன்றாக நிற்கிற மூன்றையும் விட்டுவிட்டு அதை மட்டும்தான் தூக்கிக்கொண்டு வருவான்.

அதை ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டேன்.

“அப்பா வந்து பண்ணுவார். அவருக்குத்தான் தெரியும்” என்றான்.

மற்ற மூன்றுக்கும் அவன் அப்பாதான் கால் கட்டினாராம். அவர் எலாஸ்டிக்கை இழுக்க, இவன் கொக்கியைப் பிடித்துக்கொள்வானாம். நான்காவதன் முறை வருவதற்குள் விமானம் ஏறும்படி ஆகிவிட்டதாம். தெருமுனையில் டாக்சி சத்தம் கேட்டால் பேச்சைப் பாதியில் விட்டு ஜன்னலுக்கு ஓடுவான்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது. அவனையும் சாந்தோமில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். சீருடைக்கு அளவு கொடுக்க அத்தை அவனை லஸ்ஸுக்கு அழைத்துப்போனாள். விடுமுறைக்கு வந்தவனுக்கு எதற்குச் சீருடை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூட நடந்துவர ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அவர்கள் டெய்லர் கடைக்குப் போயிருந்த அந்தச் சாயங்காலம், நான்காவது சிப்பாய் ஜன்னலில் குப்புற விழுந்து கிடந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன்.

சித்தப்பாவுக்கு ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை. ஆனால் வீட்டில் எது கெட்டாலும் முதலில் திறந்து பார்ப்பவர் அவர்தான். அவர் திறந்ததை மூட வெளியிலிருந்து ஆள் வரும். அவர் சரிசெய்த அலாரம் கடிகாரம் அதற்கப்புறம் மணி காட்டவில்லை, அலாரம் மட்டும் நினைத்தபோது அடித்தது.

பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுப்புத் துளைக்குள் டார்ச் அடித்தார். உள்ளே கால்களைச் சேர்த்து இழுத்துப் பிடித்திருந்த எலாஸ்டிக் தொய்ந்து இற்றுப்போயிருந்தது. அம்மாவின் தையல் பெட்டியில், என் சட்டைக் கைக்கு வாங்கிவைத்த எலாஸ்டிக் இருந்தது. அதை இரட்டையாக மடித்து, கொண்டை ஊசியால் கொக்கியில் மாட்டினார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். முழங்கால் ஆணியைப் பாக்குவெட்டியின் மேல் வைத்து, படிக்கல்லால் பதமாக நாலு தட்டு தட்டினார்.

சிப்பாய் நின்றான். ஒற்றைக் காலைத் தூக்கிவிட்டாலும் நின்றான். சித்தப்பா கையால் ஒரு பொருள் உருப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். அவருக்கே நம்பிக்கை வரவில்லை; கொஞ்ச நேரம் விலகி நின்று பார்த்தார்.

அடுக்களையிலிருந்து வந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. “இதை ஏன் பண்ணினேள்?” என்று சித்தப்பாவைக் கேட்டாள்.

“நன்னாத்தானே நிக்கறது மன்னி.”

“அத்திம்பேர் வந்து பண்ணுவார்னுன்னா அந்தக் குழந்தை வெச்சிண்டிருக்கு.”

எதற்காகவோ சித்தப்பாவின் கை மறுபடி பொம்மையின் பக்கம் போனது. அதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அத்தை பிள்ளை உள்ளே வந்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். நின்ற சிப்பாயைப் பார்த்தான். கிட்டப் போய் ஒரு விரலால் தள்ளினான்; விழவில்லை. அப்போது அவன் முகம் மலர்ந்த மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

“அப்பா வந்தாச்சா?”

யாரும் பதில் சொல்வதற்குள் ஓடினான். அறைக்குள் பார்த்தான், குளியலறைக் கதவைத் தள்ளினான், மொட்டைமாடிவரை ஏறிப் போனான். அவன் கூப்பிடுகிற குரல் மேலேயிருந்து கேட்டது. இறங்கும்போது ஒவ்வொரு படியாக இறங்கினான்.

“நான்தாண்டா பண்ணினேன்” என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவன் அழவில்லை. சிப்பாயை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு காலையும் முறுக்கினான், இழுத்தான். புது எலாஸ்டிக் அசையவில்லை. அத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “கழட்டிடட்டுமா?” என்றாள். தலையை ஆட்டினான். அவள் தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, குனிந்து, நிதானமாகக் கொக்கியை விடுவித்தாள். கால்கள் பழையபடி தொங்கின. அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தப்பா ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் எலாஸ்டிக்கைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அத்திம்பேர் வரப்போவதில்லை என்பது வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் இருவருக்கும் மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று என் சிநேகிதிகளிடம் அத்தையைப் பற்றிக் கோபம் கோபமாகச் சொன்னது நினைவிருக்கிறது: அமெரிக்காவிலேயே இருந்துவிட்டாள் அல்லவா, நம்ம ஊர் எலாஸ்டிக்கெல்லாம் அவளுக்குப் பிடிப்பதில்லை.