புண்ணைக் காட்டினால்தான் இலை

பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளுக்கும் எனக்கும் அவ்வளவாக ஆகாது. அவள் வீட்டு வாசலில் நிற்கும் செவ்வரளிதான் காரணம். ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் அரளியை அரைத்துக் குடித்து இரண்டு பெண்கள் போய்ச் சேர்ந்த பிறகு, எல்லா வீட்டிலும் அதை வேரோடு வெட்டிவிட்டார்கள். இவள் மட்டும் வெட்டவில்லை. எத்தனை சண்டை போட்டிருப்பேன். இலையை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் சொறியும் படையும் அடங்கும், செடி என்ன பாவம் செய்தது என்பாள்.

அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தாள். புண்ணைக் கண்ணால் பார்க்காமல் ஓர் இலைகூடக் கிள்ளித் தரமாட்டாள். கேட்பது கலெக்டராக இருந்தாலும் சட்டையைத் தூக்கிக் காட்டத்தான் வேண்டும்.

கார்த்திகா போன தையில் கல்யாணமாகி எதிர்வீட்டுக்கு வந்தவள். சித்திரையில் ஒரு காலை அவள் வந்து நின்றாள். முழங்கையில் கொப்புளம் வெடித்துக் கறுத்திருந்தது.

"ஆறவே மாட்டேங்குது அத்தை. எலை குடுங்க, வீட்டுலயே காய்ச்சிக்கிறேன்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே பாவமாக இருந்தது. கொடுத்துத் தொலையேன் என்று நினைத்தேன். பிச்சையம்மாள் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது. முந்திரிக்கொட்டை சுட்டு உடைத்தே வளர்ந்தவள் அவள். கொட்டை ஓட்டில் கசியும் பால் பட்டு வெந்த தோல் எப்படிக் கறுக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"இது சொறி இல்ல ஆத்தா. முந்திரிப்பால நீயே தேச்சிருக்க. எலை யாருக்கு?"

கார்த்திகா தரையையே பார்த்தாள்.

"எனக்குத்தான். அந்த வீட்டுல இருக்க முடியல அத்தை."

இலைக்காகத் தன் தோலையே பொசுக்கிக்கொண்டவள், இங்கே கிடைக்காவிட்டால் சும்மா இருப்பாளா? பிச்சையம்மாள் எதிர்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்த்திகாவை அவள் அம்மா வீட்டில் விட அப்படியே கிளம்பிவிட்டாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

விராலிமலையில் பஸ் மாறி நாலுவழிச் சாலையில் ஏறினோம். சாலை நடுவே அரளி. சிவப்பும் வெள்ளையுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் பூத்து நின்றது. புண்ணைக் காட்டு என்று கேட்க அங்கே ஆளில்லை. கார்த்திகா ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இங்கிட்டு வா. ஜன்னல்ல நான் உக்காந்துக்கிறேன்," என்று பிச்சையம்மாள் இடம் மாறி, அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அத்தை. வலிக்குது."

"வலிக்கட்டும்."

இறங்கும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.